நானூறு ரூபாய் ரேடியோ

சென்னைக்குப் போய் இசையில் பிழைக்கிறோம் என்று பிள்ளைகள் வந்து நின்றபோது, சின்னத்தாயம்மாள் வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்றார். விற்ற பணத்தை அப்படியே அவர்கள் கையில் கொடுத்தார். வீட்டுச் செலவுக்கென்று அதில் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. 1960-களின் இறுதியில் பண்ணைப்புரத்தில் நடந்த இந்தக் கதையை இளையராஜா மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார். நம்மில் பலருக்கு அது மனப்பாடம்.

கேட்கும்போது நாம் அதை ஒருவரின் கதையாகவே கேட்கிறோம். வறுமை, தாயின் தியாகம், பட்டணம், பிறகு புகழ் என்று ஓடி ‘அன்னக்கிளி’யில் வந்து நின்றுவிடுகிறது. ஆனால் அந்தப் பணம் வழியனுப்பிய பிள்ளைகள் புதிதாகப் பாட்டுக் கற்றுக்கொள்ளக் கிளம்பியவர்கள் அல்லர். அதற்கு முன்பே ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் ஊர் ஊராகப் போய்ப் பாடியும் வாசித்தும் பழகியவர்கள். பாவலர் சகோதரர்கள் என்றால் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கூட்டம் சேரும். இந்த வாரம் அந்தக் குழுவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். இளையராஜாவைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அவர் அண்ணனைப் பற்றி எழுதத்தான் ஆளில்லை.

பண்ணைப்புரம் இப்போது தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அன்றைக்கு அது மதுரை மாவட்டம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். மலைக்கு இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்கள், அந்தப் பக்கம் கேரளத்தின் தேயிலைத் தோட்டங்கள். தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பக்கத்திலிருந்து மலையேறிப் போன தமிழர்கள். கங்காணி, லயம், பெரட்டு, சம்பளப் பிடித்தம் என்று நம் பாட்டன் பூட்டன் கதையில் வரும் சொற்களை மூணாற்றுக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரத்துக்குப் பதிலாகத் தேயிலைச் செடி, அவ்வளவுதான்.

அந்த ஊரில் டேனியல் ராமசாமி, சின்னத்தாயம்மாள் குடும்பத்தில் மூத்தவர் வரதராசன். அவருக்குப் பின் பாஸ்கர், ராசையா, அமர். ராசையாதான் பின்னாளில் இளையராஜா, அமர் கங்கை அமரன். வரதராசன் பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், தாமே பாடுவார். கம்யூனிஸ்டுக் கட்சி மேடைகளில் அவர் பாடினால், பேச வந்த தலைவரைக் காட்டிலும் அவருக்குத்தான் கைத்தட்டல் அதிகம் என்பார்கள். ‘பாவலர்’ என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தம்பிகள் ஒவ்வொருவராக அவரோடு சேர, அது குடும்பக் குழுவாயிற்று.

அந்தக் குழு ஓர் அரசாங்கத்தையே காப்பாற்றியது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். நடந்ததைச் சொல்கிறேன்.

1957-இல் கேரளத்தில் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்தது. 126 தொகுதிகளில் கட்சிக்குக் கிடைத்தவை 60. சுயேச்சைகள் ஐவர் ஆதரவு தந்ததால்தான் பெரும்பான்மை. ஒன்றிரண்டு இடம் குறைந்தாலும் ஆட்சி ஆட்டம் காணும். அந்த நேரத்தில் தேவிகுளம் தொகுதியில் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்பு வந்தது. எதிர்த்தரப்பின் வேட்புமனுவைத் தவறாக நிராகரித்துவிட்டார்கள் என்பது காரணம். 1958-இல் இடைத்தேர்தல். எல்லாக் கண்களும் அந்த மலையின்மேல்.

அங்கே வாக்காளர்களில் பெரும்பகுதியினர் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். திருவனந்தபுரத்திலிருந்து வரும் தலைவர்கள் மலையாளத்தில் எவ்வளவு அழகாகப் பேசினாலும், லயத்தில் இருப்பவர்களுக்கு அது பாதிதான் புரியும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. துண்டறிக்கை கொடுத்துப் பயனில்லை. வரதராசன் ஆர்மோனியத்தோடு மலையேறினார். ஒவ்வொரு தோட்டமாகப் போய், வேலை முடிந்து வந்த சனத்தின் முன்னால், அவர்கள் ஊர் மெட்டில், அவர்கள் கஷ்டத்தைப் பாடினார். ரோசம்மா புன்னூஸ் மறுபடி வென்றார். வெற்றிக்கூட்டத்தில் ஈ.எம்.எஸ். அந்த வெற்றியின் பெருமையைப் பாவலருக்கே கொடுத்தார் என்று அவர் குடும்பத்தாரும் கட்சிக்காரர்களும் இன்றைக்கும் சொல்வார்கள்.

ஒரு பாட்டுக்காரர் பாடித்தான் தேர்தலில் வெல்ல முடியுமா என்று கேட்டால், பாட்டு மட்டும் வெல்லாது. தொழிற்சங்கம் ஏற்கெனவே உழுது வைத்த நிலம் அது. ஆனால் உழுத நிலத்திலும் யாராவது விதை தூவ வேண்டும். நம் தோட்டங்களில் சங்கக் கூட்டத்துக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுக்கு முன்னால் தலைவர் பேசியது மறந்து போயிருக்கும். கூட்டம் தொடங்குமுன் யாரோ பாடிய பாட்டின் ஓரடி ஞாபகம் இருக்கும்.

இனி, குழு எப்படி வேலை செய்தது என்பதைப் பார்ப்போம். எனக்கு இதுதான் சுவையான பகுதி.

வரதராசன் எல்லாப் பாட்டுக்கும் புது மெட்டுப் போடவில்லை. சனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மெட்டை எடுத்துக்கொள்வார். அது நாட்டுப்புற மெட்டாக இருக்கலாம், அப்போது ஓடும் படத்தின் பாட்டாகவும் இருக்கலாம். அதில் புதிய சொற்களை வைப்பார். விலைவாசி ஏறினால் அதற்கொரு பாட்டு, ஆளுங்கட்சி அமைச்சர் ஏதாவது உளறினால் மறுநாள் மேடையில் அதற்கொரு பாட்டு. மெட்டு தெரிந்தது என்பதால் இரண்டாவது சுற்றிலேயே கூட்டம் கூடப் பாடத் தொடங்கிவிடும். இது வரதராசன் கண்டுபிடித்ததல்ல. நம் பாட்டிமார் தாலாட்டிலும் கும்மியிலும் செய்ததுதான். ஒரே மெட்டில் பிள்ளையின் பெயரையும் தாய்மாமன் பெயரையும் மாற்றிப் பாடிக்கொண்டே போவார்கள். அவர் அதை அரசியலுக்குக் கொண்டுவந்தார்.

கிராமத்து மேடைக்குப் பெண் குரல் வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு ஊர் ஊராக வந்து பாட எந்த வீட்டுப் பெண்ணை அனுப்புவார்கள்? பதின்மூன்று, பதினான்கு வயது ராசையாவுக்குக் குரல் இன்னும் உடையவில்லை. அவர்தான் பெண் குரலில் பாடினார். குரல் உடைந்த பிறகு அந்த வேலை போயிற்று. கை ஆர்மோனியத்துக்குப் போயிற்று. அண்ணனின் ஆர்மோனியத்தைத் தொடக்கூடாது என்று வீட்டில் கட்டளை. அண்ணன் வெளியே போனபோது எடுத்து வாசித்துப் பழகினார் என்பதும் அவரே சொன்னதுதான். பாஸ்கருக்குத் தாள வாத்தியம். கடைக்குட்டி அமர் கொஞ்சம் வளர்ந்ததும் சேர்ந்துகொண்டார்.

திறந்த வெளி. டிக்கெட் கிடையாது. பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். பணம் கொடுத்து உள்ளே வந்தவன் கொட்டாவி விட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருப்பான். இலவசமாகக் கேட்பவன் உட்காரமாட்டான். எந்த மெட்டுக்குக் கிழவி தலையாட்டுகிறாள், எந்த இடத்தில் தாளத்தை ஒரு தட்டு கூட்டினால் பின்னால் நிற்கும் இளவட்டம் முன்னால் வருகிறது என்பதை அங்கே கண்ணால் பார்த்துப் பழகலாம். இளையராஜா பிற்காலத்தில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதினார். எல்லாம் உண்மை. ஆனாலும் ஒரு பாட்டின் முதல் நான்கு விநாடியில் ஆளை உட்கார வைக்கும் வித்தையை எந்தக் கல்லூரியிலும் அவர் படித்திருக்க முடியாது என்பது என் கட்சி.

ஊரில் இன்னொரு நண்பர். அல்லிநகரத்துக்காரர், சுகாதாரத் துறையில் வேலை, நாடகப் பைத்தியம். அவர் போட்ட நாடகங்களுக்குச் சகோதரர்கள் வாசித்தார்கள். அவர் முதலில் சென்னைக்குப் போனார். பின்னால் சகோதரர்கள் ரேடியோ விற்ற காசோடு அவரைத் தேடிப் போனார்கள். அந்த நண்பர்தான் பாரதிராஜா.

சென்னையில் மூவரும் பெரிய மனிதர்களாகிவிடவில்லை. மற்றவர்கள் பாட, பின்னால் வாசித்தார்கள். எஸ்.பி. பாலசுப்பிரமணியம் அப்போது ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அதில் இளையராஜா கித்தார், பிறகு ஆர்மோனியம். பாஸ்கர் தாள வாத்தியம். கங்கை அமரன் கித்தார். ஒரு மேடையில் இத்தனை பேரும் நின்றிருக்கிறார்கள் என்பதை இப்போது நினைத்தால் மலைப்பாக இருக்கிறது; அன்று பார்த்தவர்களுக்கு அது ஏதோ ஒரு கல்யாணக் கச்சேரி. பிறகு ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, சலில் சௌத்ரியின் பாட்டுகளுக்குக் கித்தார் வாசிப்பு என்று இளையராஜாவின் பாதை நகர்ந்தது.

ஊரில் 1973-இல் பாவலர் வரதராசன் காலமானார். ‘அன்னக்கிளி’ வந்தது 1976-இல். மூன்று ஆண்டு இடைவெளி. அவர் பாடிய வயல்பாட்டு மெட்டுகளின் வாசனை எஸ். ஜானகியின் குரலில் தமிழ்நாடெங்கும், கடல் தாண்டி நம் வீட்டு வானொலியிலும் ஒலித்தபோது, அதை முதலில் மேடையேற்றியவர் இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீங்கள் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்கர் படத் தயாரிப்புக்குப் போனார். நிறுவனத்துக்குப் பாவலர் கிரியேஷன்ஸ் என்று அண்ணன் பெயரையே வைத்தார். 1981-இல் ‘அலைகள் ஓய்வதில்லை’ அந்தப் பெயரில்தான் வந்தது. அமர் பாட்டு எழுதினார். 1977-இல் ‘16 வயதினிலே’ படத்துக்கு அவர் எழுதிய ‘செந்தூரப் பூவே’ ஜானகிக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. பிறகு படமும் இயக்கினார். 1989-இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஓராண்டைத் தாண்டி ஓடியது. கோவில் திருவிழாவில் ஆடிப் பிழைக்கும் ஒரு குழுவின் கதை அது. பழுதான காரைத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் அந்தக் கூட்டத்தைப் பார்த்து நாம் வயிறு குலுங்கச் சிரித்தோம். படம் எடுத்தவருக்கு அந்த வாழ்க்கை எங்கிருந்தோ கேட்டு எழுதியதல்ல. பாஸ்கர் மறைந்துவிட்டார். இளையராஜாவும் அமரனும் பல ஆண்டுகள் பேசாமல் இருந்து, 2022-இல் மறுபடி சந்தித்துக்கொண்டார்கள். 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று இல்லை. வரதராசனின் குரல்.

அவர் பெயர் போட்டு ஓர் இசைத்தட்டோ கேசட்டோ நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. நம் பினாங்கு குட்டி இந்தியாவில் கேசட் கடைகள் வரிசையாக இருந்த காலத்திலும் சரி, இப்போது இணையத்தில் துழாவும்போதும் சரி, அவர் ஒரு கூட்டத்தில் முழுக்கப் பாடியதைக் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. தம்பிமார் அவரைப் பற்றிச் சொல்வதைக் கேட்கலாம். அவர் பாட்டை அவர்கள் பாடிக் காட்டுவதைக் கேட்கலாம். அதோடு சரி. இந்தியாவில் ஒலிப்பதிவுக் கருவி அப்போது இல்லாமல் இல்லை. வானொலி நிலையங்களில் இருந்தது, இசைத்தட்டு நிறுவனங்களில் இருந்தது. ஆனால் அரசு வானொலி, அரசைத் திட்டிப் பாடுபவரை அழைத்து மைக் கொடுக்குமா? தட்டு நிறுவனம், காசு கொடுத்துத் தட்டு வாங்க வழியில்லாத சனத்தின் பாட்டுக்காரரைத் தேடி மலையடிவாரத்துக்கு வருமா? இரண்டுக்கும் நடுவில் அவர் விழுந்துவிட்டார்.

நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரிக்க ஆளே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதே காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை ஊர் ஊராக ஆட்களைக் கொண்டு திரட்டி, 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ நூலைக் கொண்டுவந்தார். மிகப் பெரிய தொண்டு அது. அவர் இல்லாவிட்டால் சொற்களும் போயிருக்கும். ஆனாலும் அது புத்தகம். எந்தச் சொல்லை இழுத்தார்கள், எங்கே மூச்சு வாங்கினார்கள், எந்த அடியில் கூட இருந்தவர்கள் குலவையிட்டார்கள் என்பது தாளில் ஏறாது.

இந்த இடத்தில் நான் அயர்லாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது. தூரம்தான், ஆனால் ஏறக்குறைய இதே காலத்தில், இதே போல மூன்று சகோதரர்கள் அங்கேயும் பாடக் கிளம்பினார்கள். நம் ஊர் லா சால் பள்ளிகளில் படித்த பெரியவர்களுக்கு ஐரிஷ் பிரதர்களின் பிரம்பு மட்டுமல்ல, அவர்கள் பாட்டும் கொஞ்சம் நினைவிருக்கும்.

திப்பரேரி மாவட்டத்துச் சிற்றூர்க்காரர்கள் பேடி, டாம், லியம் கிளான்சி. மூத்தவர்கள் இருவரும் அமெரிக்காவில் நடிகராகும் ஆசையில் நியூயார்க் போனார்கள். நாடகத்துக்குப் பணம் சேர்க்க இரவில் நாட்டுப்பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். நாடகத்தைவிடப் பாட்டு எடுபட்டது. இளையவர் லியமும் வடக்கேயிருந்து வந்த நண்பர் டாமி மேக்கமும் சேர்ந்துகொண்டார்கள். மூன்று சகோதரர்களும் ஒரு நண்பருமாகக் குழு நிலைத்தது. நியூயார்க் குளிருக்குப் பயந்து அம்மா ஊரிலிருந்து கம்பளிச் சட்டைகள் அனுப்பினார். வெள்ளை நிறத்தில், பின்னல் வேலையோடு இருக்கும் மீனவர் சட்டை. அதையே மேடையில் போட, அது அவர்களின் அடையாளமாகிவிட்டது. 1961 மார்ச்சில் அமெரிக்கா முழுக்கப் பார்க்கும் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், வரவேண்டிய வேறொருவர் வராமல் போக, ஒதுக்கிய நேரத்தைவிட நெடுநேரம் பாடினார்கள். அதோடு பெரிய ஆட்களாகிவிட்டார்கள். அயர்லாந்தில் பழசு, பட்டிக்காடு என்று ஒதுக்கிய பாட்டை, அமெரிக்காவில் புகழ் பெற்ற பிறகுதான் சொந்த ஊரே திரும்பிப் பார்த்தது. இந்தக் குணம் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தாய் ரேடியோ விற்றார், ஒரு தாய் கம்பளிச் சட்டை அனுப்பினார். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது மூன்றாவது தாயைப் பற்றி. டாமியின் அம்மா சாரா மேக்கம்.

கீடி என்ற சிற்றூர். சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு நெசவாலைக்கு வேலைக்குப் போனவர். அடுப்படியில் நின்றுகொண்டே பாடுவார். ஐந்நூறுக்கு மேல் பாட்டுகள் அவருக்குத் தெரியும் என்பார்கள். அவர் எந்த மேடைக்கும் ஆசைப்பட்டவர் அல்லர். ஆனால் அவர் வீட்டு வாசலுக்கு ஒலிப்பதிவுக் கருவி வந்தது. 1952-இல் அமெரிக்கப் பாடகி ஜீன் ரிச்சி வந்து பதிந்துகொண்டு போனார். பிபிசி பதிந்தது, அதன் நாட்டுப்பாட்டு நிகழ்ச்சி ஒன்று ஒவ்வொரு வாரமும் சாராவின் குரலோடுதான் தொடங்கியது. 1955-இல் டயான் ஹாமில்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண், கருவியைத் தூக்கிக்கொண்டு அயர்லாந்து முழுக்கச் சுற்றினார். கிளான்சி வீட்டில் பதிந்துவிட்டு, லியமைக் கூட்டிக்கொண்டு சாரா வீட்டுக்குப் போனார். அங்கேதான் லியமும் டாமியும் முதல்முறை சந்தித்தார்கள். குழு பிறந்ததற்கே அந்தப் பதிவுப் பயணம்தான் காரணம்.

இது தற்செயலும் அல்ல. அயர்லாந்தில் 1935-லேயே நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்க அரசு ஆணையம் அமைத்திருந்தார்கள். சேமஸ் என்னிஸ் என்பவர் சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய்ப் பாட்டு எழுதி வாங்கியவர். 1947-இல் வானொலியில் சேர்ந்து, ஒலிப்பதிவு வண்டியோடு அதே கிராமங்களுக்குப் போனார். வறுமை அங்கேயும் இருந்தது. கப்பலேறிப் போனவர்கள் கதை அங்கேயும் வீட்டுக்கு வீடு உண்டு. வித்தியாசம், யாரோ ஒருவர் வந்து கதவைத் தட்டினார் என்பதுதான். சாரா மேக்கம் 1983-இல் இறந்தார். அவர் பாடியதை இன்று ராத்திரி உங்கள் கைப்பேசியில் கேட்கலாம். தேவிகுளத்தில் வரதராசன் பாடியதைக் கேட்க முடியாது.

அவர்கள் புத்திசாலிகள், நாம் மடையர்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பணக்காரப் பெண்ணின் விருப்பமும், அமெரிக்காவில் குடியேறிய இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்களின் ஏக்கமும் அவர்கள் பக்கம் இருந்தன. காசு கொடுத்துத் தட்டு வாங்க அங்கே ஆள் இருந்தது. பண்ணைப்புரத்துக்கு அப்படி யாரும் வரவில்லை. சயாம் மரண ரயில் முதல் ரப்பர் விலை வரை எல்லாவற்றையும் பாட்டாக்கிய நம் தோட்டங்களுக்கும் பெரும்பாலும் யாரும் வரவில்லை.

நான் இதைப் பாயான் லெப்பாஸில் உட்கார்ந்து எழுதுகிறேன் என்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. 1972-இல் இங்கே தடையற்ற வணிக வளாகம் தொடங்கியபோது வந்த முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று கிளேரியன். கார் ரேடியோ, கேசட் கருவி செய்யும் ஜப்பான் கம்பெனி. அக்கரையிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்த தோட்டத்துப் பெண்கள் எத்தனையோ பேர் இந்த வளாகத்தின் தொழிற்சாலைகளில் மூன்று ஷிப்டு பார்த்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் பாட்டுப்பெட்டியின் உள்ளுறுப்புகளைச் செய்துகொடுத்த ஊர் நம்முடையது. அந்தப் பெண்களில் யாராவது தன் அம்மா பாடியதைப் பதிந்து வைத்திருப்பாரா என்று கேட்டால், நான் விசாரித்த வரை ‘அதெல்லாம் யாருக்குத் தோணுச்சு’ என்ற பதில்தான் வருகிறது.

பத்து மாவுங்கில் இரண்டாம் பாலம் ஏறினால் அந்தக் கரையில் பத்து காவான். ஒரு காலத்தில் முழுக்கத் தோட்டம். 2014-இல் பாலம் திறந்தார்கள், 2019-இல் ஐக்கியா வந்தது. சனிக்கிழமை நாம் சோபா பார்க்கப் போகும் வட்டாரத்தில்தான் மங்கும் காண்டா வாளியுமாக ஒரு தலைமுறை நடந்தது. முருகன் கோவிலும் தமிழ்ப்பள்ளியும் பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கின்றன. பாடியவர்கள் வீட்டமைப்புப் பகுதிகளுக்குப் பிரிந்து போய்விட்டார்கள்.

நம் இசையில் எல்லாமே போய்விட்டது என்று புலம்பவும் நான் தயாரில்லை. தைப்பூசத்தின்போது தண்ணீர்மலை அடிவாரத்தில் நின்று பாருங்கள். உறுமி மேளக் குழுக்களில் இருபது வயதுப் பையன்கள் எத்தனை பேர்! அவர்கள் கையில் உறுமி நன்றாகவே இருக்கிறது. தாங்களே பதிந்து தாங்களே ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஆபத்து, மேளம் இல்லாமல் பாடிய பாட்டுக்குத்தான். தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி, மாமியாரைத் திட்டிப் பாடிய கேலிப்பாட்டு. பெரும்பாலும் பெண்கள் பாடியவை. பாடச் சொன்னால் ‘போப்பா, அதெல்லாம் ஒரு பாட்டா’ என்று வெட்கப்படுவார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம்தான் அவை இருக்கின்றன. சுங்கை ஆராவில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள், பேரனின் கைப்பேசி மேசைமேல் இருப்பதை மறந்த பிறகுதான் பாடத் தொடங்கினார். தாலாட்டில் தாய்மாமன் கொண்டுவரும் சீர்வரிசையில் தங்கக் காப்புக்குப் பக்கத்தில் ஒரு ராலே சைக்கிளும் வந்தது. தமிழ்நாட்டுப் புத்தகம் எதிலும் நான் அந்த மாமனைப் பார்த்ததில்லை.

கருவிக்குக் காசு தேட வேண்டியதில்லை. எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. இந்த விடுமுறையில் யாராவது முயல்வதாக இருந்தால் என் அனுபவத்தில் சில விஷயம். காற்றாடியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிடுங்கள். ‘பாடுங்க பாட்டி’ என்று எதிரில் உட்காராமல், கீரை ஆயும்போதோ துணி மடிக்கும்போதோ கேளுங்கள். கைக்கு வேலை இருந்தால் பாட்டுத் தானாக வரும். ஒரே பாட்டை இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு முறை பதியுங்கள், சொற்கள் மாறும், இரண்டும் வேண்டும். ஒப்பாரியை மட்டும் வற்புறுத்திக் கேட்காதீர்கள். பல வீடுகளில் சாவு இல்லாத நேரத்தில் அதைப் பாட மாட்டார்கள், பாடவும் கூடாது. பாட்டு முடிந்ததும் உடனே நிறுத்திவிட வேண்டாம். யாரிடம் கற்றது, எந்த வேலையின்போது பாடியது என்று அதன் பிறகுதான் பேச்சு வரும். கோப்புக்கு ‘பாட்டி பாட்டு 1’ என்று பெயர் வைக்காமல், பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், பதிந்த தேதி மூன்றையும் எழுதி, வீட்டில் இன்னொருவர் கைப்பேசிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.